உறவுகளுக்கு நடுவே ஒரு கம்பனி

2021 ஒக்டோபர் 4, திங்கட்கிழமை, இரவு 9 மணி கடந்து பத்து நிமிடம். யாழ்ப்பாணத்தில் அது பேச்சு நேரம். இங்கே இராச் சாப்பாடு முடிகிற வேளை. லண்டனிலும் பாரிஸிலும் வேலை முடிந்து வீடு திரும்பும் வேளை. ரொறன்ரோவில் மதியச் சாப்பாட்டுக்கு முந்திய வேளை. அந்த நேரம் பார்த்து வட்ஸ்அப் நின்றது. மெசெஞ்சரும் முகநூலும் இன்ஸ்டகிராமும் கூடவே நின்றன. டேட்டா முடிந்துவிட்டதென்று ரீலோட் போட்டவர்கள் உண்டு. ரவுட்டரை நிறுத்தி நிறுத்திப் போட்டவர்கள் உண்டு. ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் கழித்து, இங்கே ஊர் உறங்கிவிட்ட பிறகுதான் எல்லாம் திரும்பி வந்தன.

அன்று இணையம் அறுந்துபோகவில்லை. முகநூல் கம்பனி தன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைப் பராமரிக்கும்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த வலையையே துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து, அந்தக் கம்பனியின் கணினிகளை எந்த வழியால் சென்றடையலாம் என்று உலகத்துக்குச் சொல்லும் அறிவிப்புகளும் மறைந்தன. அதே ஆறு மணித்தியாலமும் மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு எடுபட்டது. ஒரேயொரு கம்பனியின் வீட்டுக்குள் நடந்த கோளாறு, வல்வெட்டித்துறைத் தாய்க்கும் ஸ்காபரோ மகனுக்கும் இடையிலான பேச்சை நிறுத்தியது. அவர்கள் இருவரும் அந்தக் கம்பனிக்குள்ளே நின்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதே அதற்குக் காரணம்.

இது இயல்பான ஏற்பாடு என்று நாம் பழகிவிட்டோம். மனிதர் தூரத்திலிருந்து பேசக் கண்டுபிடித்த பழைய வழிகள் எதுவும் இப்படி இருந்ததில்லை. யாழ்ப்பாணம் பிரதான தபாலகத்தில் முத்திரை ஒட்டிப் போட்ட கடிதத்தைக் கனடாத் தபால்காரர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார். எங்கள் நாட்டு முத்திரையையும் ஒட்டு என்று அவர் கேட்பதில்லை. 1874இல் சுவிஸின் பேர்ன் நகரில் நாடுகள் கூடிச் செய்த தபால் உடன்படிக்கை அந்த வழியைத் திறந்தது. தந்திக்கு அதற்கும் முன்பே, 1865இல் பாரிஸில் உடன்பாடு வந்தது. அன்று பிறந்த ஒன்றியம்தான் இன்று ஜெனிவாவில் இருந்துகொண்டு தொலைபேசி இலக்கங்களுக்கு முறை வகுக்கிறது. 021 என்று தொடங்கும் யாழ்ப்பாண இலக்கத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும், எந்தக் கம்பனியின் இணைப்பிலிருந்தும் அழுத்தலாம். டயலொக் வைத்திருப்பவர் மொபிடெல் வைத்திருப்பவரோடு பேச இரண்டாவது சிம் வாங்க வேண்டியதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். அதன் நெறிமுறை 1982இல் எல்லாரும் பார்க்க வெளியிடப்பட்டது. கூகிளில் கணக்கு வைத்திருப்பவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதலாம். இரண்டு பக்கமும் ஒரே முதலாளி இருக்கவேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

நெறிமுறை என்பது இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் ஒழுங்கு. யார் முதலில் பேசுவது, எப்படித் தொடங்குவது, வந்து சேர்ந்ததை எப்படி உறுதிப்படுத்துவது என்பதெல்லாம் அதில் அடங்கும். அந்த ஒழுங்கை எல்லாரும் வாசிக்க எழுதி வைத்து, யாரும் அதன்படி கருவி செய்யலாம் என்று விட்டால் அது திறந்த நெறிமுறை. ஒரு கம்பனி அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி, தன்னுடைய செயலி மட்டுமே பேசலாம் என்று வைத்தால் அது தனியுரிமை நெறிமுறை. கேட்பதற்கு இது பொறியியலாளரின் விவகாரம்போல இருக்கும். ஆனால் குடாநாட்டில், வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடு எந்த ஒழுங்கையில் இருக்கிறது? உறவை நடத்துவதற்கு நம்மைப்போல இந்தக் கம்பிகளில் தொங்கும் சமூகங்கள் குறைவு. ஆகவே இது நம் வீட்டு விவகாரம்.

நாம் கடந்துவந்த வழியை நினைத்துப் பார்க்கவேண்டும். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதோடு குடாநாட்டின் தொலைபேசி ஊமையானது. வெளிநாட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகக் கிளாலிக் கடல்நீரேரியை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து, வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போனவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கொழும்பு லொட்ஜ் ஒன்றில் நாட்கணக்கில் தங்கி, வரப்போகும் ஓர் அழைப்புக்காகத் தொலைபேசி அருகே காத்திருந்த தலைமுறை அது. பிறகு கொமினிக்கேசன் கடைகள் வந்தன. நிமிடத்துக்குக் காசு, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே அடுத்தவர் நிற்பார், சொல்ல வந்தது நினைவுக்கு வருமுன் மணி ஓடிவிடும். மறுபக்கத்தில் பாரிஸ் லாச்சப்பலிலும் ரொறன்ரோத் தமிழ்க் கடைகளிலும் ரெலிபோன் காட் விற்றது. 2009க்குப் பின் நெற் கஃபேயில் இருத்தி அம்மம்மாவுக்கு ஸ்கைப்பில் பேரப்பிள்ளையைக் காட்டினார்கள். அதன்பின் வைபர். அதன்பின் வட்ஸ்அப்.

இந்தச் செயலிகள் செய்த நன்மையை மறைத்து எழுதினால் அது நேர்மையாகாது. காசைப் பார்த்துப் பேசிய காலத்தை அவைதான் முடித்துவைத்தன. பிரசவ அறையையும் செத்தவீட்டையும் கைக்குள் கொண்டுவந்து காட்டின. 2016இல் வட்ஸ்அப் எல்லாச் செய்திகளையும் இரு முனைகளுக்கும் மட்டுமே விளங்கும்படி மறையாக்கியது. நம்மைப்போல ஒட்டுக்கேட்டலுக்கு அஞ்சி வாழ்ந்த மக்களுக்கு அது சிறிய விடயமே இல்லை. என் முறைப்பாடு வேறு. காசுச் சுமையை இறக்கியவர்கள், இறக்கிய கையோடு வாசலையும் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

வாசல் ஒருவர் பெயரில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு நீண்டு கிடக்கிறது. எம்எஸ்என் மெசெஞ்சரை மைக்ரோசொப்ட் 2013இல் மூடி, ஸ்கைப்புக்குப் போகச் சொன்னது. யாகூ மெசெஞ்சர் 2018 ஜூலையில் மூடப்பட்டது. 2011இல் 850 கோடி டொலர் கொடுத்து மைக்ரோசொப்ட் வாங்கிய ஸ்கைப்பை, 2025 மே 5ஆம் திகதி அதே கம்பனி மூடியது. டீம்ஸுக்குப் போகச் சொன்னது. இரண்டு மாத அவகாசம்தான் கொடுத்தது. எண்பது வயதில் ஸ்கைப்பின் நீல அடையாளத்தை மட்டும் அழுத்தப் பழகிய ஒருவருக்கு இரண்டு மாதத்தில் என்ன செய்ய முடியும்? கடவுச்சொல் பேரனிடம் இருக்கும், பேரன் மெல்பேர்னில் இருப்பான். தபால் உடன்படிக்கையை யாரும் இப்படி ஒரு காலாண்டுக் கணக்கைப் பார்த்து மூடிவிட முடியாது. பழைய மேசைத் தொலைபேசி ஒன்று வீட்டில் இருந்தால், அதைச் செய்த கம்பனியே இல்லாமற்போயிருந்தாலும் அது இன்றும் மணி அடிக்கும். பழைய அன்ரொயிட் கைபேசியோ, திரையில் கீறல்கூட விழாமல் இருந்தாலும், வட்ஸ்அப் ஒருநாள் 'இந்தக் கருவிக்கு இனி ஆதரவில்லை' என்று சொன்னால் அன்றோடு ஊமை.

இதில் மனத்தை உறுத்தும் இன்னொன்று உண்டு. இந்தப் பூட்டிய வீடுகள் கட்டப்பட்டது முழுக்கத் திறந்த கற்களால். 1970களில் ஐபிஎம்முக்கு எஸ்என்ஏ என்று ஒரு வலையமைப்பு முறை, டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பனிக்கு டெக்நெட் என்று இன்னொரு முறை. அதற்கடுத்த காலத்து அலுவலகங்களில் நொவெல்லின் ஐபிஎக்ஸும் அப்பிளின் அப்பிள்டோக்கும் வந்தன. ஒருவரின் பெட்டி மற்றவரின் பெட்டியோடு பேச இடையில் மொழிபெயர்க்கத் தனிக் கருவி வேண்டும். இவற்றுக்குப் பக்கத்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு முறை வளர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் குரொக்கர் 1969 ஏப்ரலில், இது தீர்ப்பில்லை, கருத்துக் கேட்கும் குறிப்பு மட்டுமே என்ற அடக்கத்தோடு முதல் ஆவணத்தை எழுதினார். இன்றுவரை இணையத்தின் விதிகள் ஆர்எஃப்சி எனப்படும் அந்த வரிசையிலேயே இலக்கமிட்டு, யாரும் இலவசமாக வாசிக்க வெளிவருகின்றன. வின்ட் சேர்ஃபும் பொப் கானும் 1974இல் வரைந்த டிசிபி ஐபி முறைக்கு, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி முதலாம் திகதி முழுதாக மாறியது. பணபலம் படைத்த கம்பனி முறைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பூட்டில்லாத அந்த முறை நின்றது.

நம் நாட்டுக்கும் இணையம் அந்த வழியாலேயே வந்தது. லேர்ன் எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு 1990இல் பல்கலைக்கழகங்களுக்கிடையே தொலைபேசி இணைப்பின் வழியே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியது. பேராசிரியர் அபய இந்துருவவும் அவரோடு நின்றவர்களும் எந்தக் கம்பனியின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. விதிகள் வெளிப்படையாக இருந்தன, வாசித்துச் செய்தார்கள். அதே 1990இல்தான் நம் குடாநாட்டின் தொலைபேசி அறுந்தது. பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த வலையில் இணைந்தபோது, இடையில் தவறிப்போன ஆண்டுகளுக்காக எந்தக் கம்பனியிடமும் உரிமம் கேட்டு நிற்கவேண்டி இருக்கவில்லை. பிந்தி வருபவருக்கும் இடமிருப்பதுதான் திறந்த நெறிமுறையின் பெரிய அறம்.

அரட்டையும் அழைப்பும் அப்படித் திறந்தே இருக்க வாய்ப்பு இருந்தது. 1990களின் கடைசியில் ஜெரமி மில்லர் தொடங்கிய ஜாபர், எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் 2004இல் முறையான ஆவணமானது. மின்னஞ்சலைப்போலவே ஒரு வழங்கியில் கணக்கு வைத்திருப்பவர் இன்னொரு வழங்கியில் இருப்பவரோடு அரட்டை அடிக்கலாம். 2005இல் வந்த கூகிள் டோக் அந்த நெறிமுறையை எடுத்துக்கொண்டது. 2006 ஜனவரியில் வெளியார் வழங்கிகளுக்கும் வாசலைத் திறந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து, ஹாங்அவுட்ஸ் என்று பெயர் மாற்றியபோது அந்த வாசலைச் சாத்தியது. வட்ஸ்அப்பின் கதை இன்னும் தெளிவானது. அதன் தொடக்ககால வழங்கி, ஈஜாபர்ட் என்ற திறந்த மென்பொருள். அது பேசியது எக்ஸ்எம்பிபியின் திருத்திய வடிவம். வெளியாரோடு பேசும் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டார்கள். அதன் மறையாக்கம் சிக்னல் நெறிமுறை. அதுவும் எல்லாரும் வாசிக்க வெளியிடப்பட்டதே. குரல் அழைப்புக்கும் 1999 முதல் சிப் என்ற திறந்த நெறிமுறை இருக்கிறது. இன்று ஃபோர் ஜி வலையில் நாம் எடுக்கும் சாதாரணக் குரல் அழைப்பு அதன்மேல்தான் நடக்கிறது. ஆக, திறந்த வழியால் செய்ய முடியாததொன்றை இந்தக் கம்பனிகள் செய்யவில்லை. திறந்த வழியால் வந்து, உள்ளே போனபின் பூட்டிக்கொண்டார்கள்.

பூட்டிய முறையின் விலையைத் தமிழர் ஒருமுறை கொடுத்து முடித்தவர்கள். பாமினி எழுத்துருவில் தட்டெழுதாத ஈழத்து எழுத்தாளர் ஒரு தலைமுறையில் அரிது. பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல்லைக் கணினி தமிழாக அறியவில்லை. எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகத்தான் அதை வைத்திருந்தது. அந்த எழுத்துருவின் முகமூடி இருக்கும்வரைதான் அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால் வெறும் குப்பை. இன்னொரு எழுத்துருவில் அடித்த கட்டுரையோடு ஒட்ட வைத்தாலும் குப்பை. தமிழகத்தில் டாப், டாம், திஸ்கி என்று வேறு குறியேற்றங்கள். ஒருவருக்கொருவர் கட்டுரை அனுப்ப எழுத்துருவையும் கூடவே இணைத்து அனுப்பிய காலம் அது. யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் இருந்தது. இருந்தும் தமிழ்நாடு அரசு அதை முறையாக ஏற்றது 2010 ஜூனில்தான். இந்த இடைவெளியில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்கள், தேடினால் கிடைக்காத, மாற்றினால் எழுத்துச் சிதையும் கோப்புகளாகப் பழைய வன்தட்டுகளில் கிடக்கின்றன. ஊர்ச் சங்கங்களின் மலர்களும் கோயில் வரலாறுகளும் போர்க்காலத்துப் பதிவுகளும் அவற்றில் இருக்கின்றன.

நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தை இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2005இல் தொடங்கிய அந்தத் தளம், விக்கிப்பீடியா இயங்கும் அதே திறந்த மென்பொருளில் நிற்கிறது. நாளைக்கு அதை நடத்துபவர்கள் மாறினாலும் தரவை எடுத்து வேறிடத்தில் நிறுத்தலாம். 1981இல் நூலகம் எரிந்த ஊருக்கு, ஒரு பிரதி அழிந்தால் இன்னொரு பிரதி எழும்பி நிற்கும் ஏற்பாட்டின் பெறுமதியைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அதே ஊரின் குடும்பப் பேச்சு, கடைசி நோயில் அப்பா அனுப்பிய குரற்பதிவு, முகம் பார்த்து வைத்த படங்கள் எல்லாம், திறப்பு வேறொருவர் கையில் இருக்கும் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகின்றன.

திறப்பு ஓரிடத்தில் இருந்தால் அரசுக்கும் வேலை இலகு. 2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்து முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஏறத்தாழ ஒரு வாரம் தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் ஒன்பது நாட்கள். மே மாதத்தில் மறுபடியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஆர்ப்பாட்டங்களின் நடுவே, பதினைந்து மணித்தியாலமளவு. உயிர்த்த ஞாயிறன்று வெளிநாட்டு உறவுகள் எத்தனை பேர், எங்கட ஆக்கள் தப்பியோ என்று கேட்கத் துடித்திருப்பார்கள்! வெறுப்புப் பேச்சைத் தடுக்க என்று சொல்லி, விசாரிப்பையும் ஆறுதலையும் சேர்த்து நிறுத்தினார்கள். நாட்டிலுள்ள இணைய சேவைக் கம்பனிகளுக்கு நான்கு பெயர்களைக் கொடுத்தால் போதும், ஒரு நாட்டின் பேச்சு நின்றுவிடும். திறந்த நெறிமுறை வந்தால் அரசால் எதையும் தடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கம்பியையே அறுப்பவனுக்கு நெறிமுறை ஒரு பொருட்டல்ல. ஆனால் ஆயிரம் வழங்கிகளில் பரந்து கிடக்கும் மின்னஞ்சலைப் பெயர் சொல்லித் தடுப்பதற்கு இப்படி ஒரு நான்கு வரிக் கடிதம் போதாது.

எதிர்வாதம் இருக்கிறது, அது பலமானதுங்கூட. சிக்னல் செயலியை உருவாக்கிய மொக்ஸி மார்லின்ஸ்பைக் 2016இல் அதை முன்வைத்தார்: ஆயிரம் பேர் சேர்ந்து நடத்தும் நெறிமுறையை யாராலும் விரைவாகத் திருத்த முடியாது. மின்னஞ்சல் திறந்திருந்ததால்தான் குப்பை அஞ்சல் அதில் பெருகியது. இரு முனை மறையாக்கம் இன்றுவரை அதில் பொது வழக்காகவில்லை. ஒரே கம்பனி நடத்திய வட்ஸ்அப்போ அதைச் செய்து முடித்தது. பாதுகாப்பு விடயத்தில் இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கைபேசியில் இருப்பது அம்பலமானால் உயிருக்கே ஆபத்தான ஊரில் வாழ்ந்தவர்கள் நாங்கள். இருந்தாலும் அந்த வாதத்தின் கால் இப்போது தளர்ந்துவிட்டது. பெருங்குழுக்களுக்கும் பொருந்தும் மறையாக்கம் 2023 ஜூலையில் எம்எல்எஸ் என்ற பெயரில் 9420ஆம் இலக்கத் திறந்த ஆவணமாக வெளிவந்தது. வெவ்வேறு கம்பனிகளின் செயலிகள் அதன்மேல் ஒன்றோடொன்று பேசுவதற்கான அடுத்த விதிகளையும் அந்த ஆவணத்தை வெளியிட்ட இணையப் பொறியியல் அமைப்பே வகுத்துவருகிறது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்கு மேட்ரிக்ஸ் என்ற திறந்த நெறிமுறையில் ட்ஷாப் என்ற செயலியை நடத்துகிறது. தொழில்நுட்பம் தயார். இல்லாதிருந்தது கட்டாயம்தான்.

கட்டாயத்தை ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. 2022இல் நிறைவேறிய அதன் எண்ணிமச் சந்தைச் சட்டம், பெரிய கம்பனிகளைப் பெயரிட்டுக் கடமை விதித்தது. 2023 செப்டெம்பரில் வட்ஸ்அப்பும் மெசெஞ்சரும் பெயரிடப்பட்டன. 2024 மார்ச்சிலிருந்து, வேறு செயலி நடத்துபவர் கேட்டால் இணைப்புக் கொடுத்தாக வேண்டும். முதலில் இருவருக்கிடையிலான எழுத்துச் செய்தியும் படங்களும், பெயரிட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் குழுக்கள், நான்கு ஆண்டுகளுக்குள் குரல், காணொளி அழைப்புகள். 2025 நவம்பரில் இரண்டு சிறு செயலிகளோடு வட்ஸ்அப்பை இணைக்கப்போவதாக, மெட்டா என்று பெயர் மாறிய முகநூல் கம்பனி அறிவித்தது. சிக்னலும் சுவிஸின் திரீமா செயலியும் தங்கள் பாதுகாப்புத் தளர்ந்துவிடும் என்று விலகி நிற்கின்றன. அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. தொடக்கம் சிறிது. ஆனாலும் வாசல் பொதுவழி என்று ஒரு சட்டம் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. காணியை எத்தனை துண்டாகப் பிரித்து யாருக்கு எழுதினாலும், வழிவாய்க்காலையும் கிணற்றுப் பங்கையும் உறுதியில் எழுதாமல் நொத்தாரிசு விடமாட்டார். காணி உன்னுடையது, அதில் வீடு கட்டு, வேலி போடு. ஆனால் பின்வளவுக்காரர் கிணற்றுக்குப் போகும் பாதையை மறிக்க உனக்கு உரிமை இல்லை. மெட்டாவின் செயலி மெட்டாவுடையதுதான். அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. பாதையைத்தான் கேட்கிறோம்.

ஐரோப்பியச் சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவருக்கு மட்டும். பாரிஸிலும் பேர்லினிலும் உள்ள நம்மவருக்கு அந்த உரிமை உண்டு; லண்டனிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் உள்ளவருக்கு இல்லை; யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கும் இல்லை. ஒரு முனையில் மட்டும் திறந்த வாசலால் யாருக்கு என்ன பயன்?

நம் அரசால் இதைச் செய்ய முடியாது என்று கைவிரிப்பவர்கள் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய், கடை மேசையில் ஒட்டியிருக்கும் லங்காகியூஆர் அட்டையைப் பார்க்கட்டும். வங்கிக்கு ஒரு கட்டம், பணப்பைச் செயலிக்கு ஒரு கட்டம் என்று கடைக்காரர் மேசை நிறைய அட்டை வைக்கும் நிலை வந்தபோது, இலங்கை மத்திய வங்கி 2018இல் ஒரே பொதுத் தரத்தை வகுத்தது. மக்கள் வங்கிச் செயலியோ கொமர்ஷல் வங்கிச் செயலியோ, எதனாலும் அதே கட்டத்தைப் படம்பிடித்துப் பணம் செலுத்தலாம். 2024 பெப்ரவரியிலிருந்து இந்தியாவின் யூபிஐ பணம் செலுத்தும் முறையும் அதனோடு இணைந்தது. நாகபட்டினத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கும் பயணி, தன் கைபேசியாலேயே அதை ஏற்கும் கடைகளில் காசு கொடுக்கலாம். எந்த வங்கியும் இதனால் மூழ்கிவிடவில்லை. காசுக்கு வகுத்த விதியைப் பேச்சுக்கும் வகுக்கும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்க நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வாய் இருக்கிறது. மெட்டாவை இலங்கை தனியே பணியவைக்க முடியாது என்பது மெய்தான். ஆனால் அரச அலுவல் எந்தச் செயலியில் நடக்கவேண்டும் என்பதை இலங்கை தனியே தீர்மானிக்கலாம்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடங்கள் பாடங்களை வட்ஸ்அப், வைபர் குழுக்களில் அனுப்பின. வேறு வழி இருக்கவில்லை. அதைச் செய்த ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். நோய் அடங்கியபிறகும் அந்த வழக்கம் அடங்கவில்லை. கிராம அலுவலரின் அறிவித்தலும் பாடசாலையின் அறிவித்தலும் கிளினிக் திகதியும் குழுவில் வருகின்றன. குழுவில் இல்லாத பெற்றோருக்கு விசயம் தெரியாது. பழைய கைபேசி வைத்திருக்கும் தாய்க்குத் தெரியாது. தன் தனிப்பட்ட பேச்சின் விபரங்களை ஓர் அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்க மனமில்லாதவருக்கும் தெரியாது. குடிமகன் அரசின் சொல்லைக் கேட்பதற்கு ஒரு தனியார் கம்பனியின் உறுப்பினராக இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? குழுவில் போடுங்கள், தடையில்லை. அதே அறிவித்தலை எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் அலுவலக இணையத்தளத்திலும், தேடக்கூடிய யூனிகோட் தமிழில் போடுங்கள். இதற்குப் புதிய வரவுசெலவுத் திட்டம் தேவையில்லை. பிரதேச செயலாளர் ஒருவரின் ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

தொழில்நுட்பம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வலையமைப்பு வகுப்புகளில் நீண்ட காலம் சிஸ்கோ என்ற வலையமைப்புக் கருவிக் கம்பனியின் கட்டளைகளே பாடமாக இருந்தன. தரவுப் பொதிகளுக்கு வழிகாட்டும் சிஸ்கோவின் ஈஐஜிஆர்பி நெறிமுறையை மனப்பாடம் செய்து சோதனை எடுத்தவர்கள் ஏராளம். அதே வேலையைச் செய்யும் ஓஎஸ்பிஎஃப் 1989இலிருந்தே திறந்து கிடந்தது. கடைசியில் சிஸ்கோ தானே 2016இல் ஈஐஜிஆர்பியின் விளக்கத்தைப் பொதுவெளியில் வைத்தது. 2020இல் தன் சிசிஎன்ஏ சான்றிதழின் பாடத்திட்டத்தை மாற்றியபோது அதை விலக்கிவிட்டு ஓஎஸ்பிஎஃப்பை மட்டும் வைத்துக்கொண்டது. கம்பனியின் பெட்டியை மட்டும் படித்தவர் கம்பனி மனம் மாறும்போது மறுபடி படிக்கவேண்டும். ஆவணத்தை வாசித்து நெறிமுறையைப் படித்தவருக்கு எந்தப் பெட்டியும் ஒன்றுதான். அந்த ஆவணங்களுக்குக் காசில்லை. அவற்றை எழுதும் குழுக்களின் விவாதம் மின்னஞ்சலில் நடக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலிருந்தும் யாரும் சேர்ந்து பேசலாம், விசாவும் வேண்டாம். பல்கலைக்கழகம் ஒன்று மேட்ரிக்ஸ் வழங்கி ஒன்றை நிறுத்தி, தன் மாணவருக்கும் ஊழியருக்கும் கணக்குக் கொடுத்து நடத்திக் காட்டினால், அது பத்துக் கட்டுரைக்குச் சமம்.

மற்றப் பங்கு வெளிநாட்டில் உள்ள நம்மவருடையது. இந்த விடயத்தில் இங்கிருக்கும் வாக்கைவிட அங்கிருக்கும் வாக்குக்குப் பலம் அதிகம். பிரித்தானியாவில் 2024 மே மாதம் எண்ணிமச் சந்தைகள், போட்டி, நுகர்வோர் சட்டம் நிறைவேறிவிட்டது. சந்தையை ஆளும் கம்பனி என்று ஒன்றைப் பெயரிட்டு, பிறரோடு ஒத்தியங்கும்படி நிபந்தனை விதிக்க அங்குள்ள போட்டி, சந்தைகள் ஆணையத்துக்கு அது அதிகாரம் தருகிறது. 2025 ஒக்டோபரில் கூகிளையும் அப்பிளையும் அப்படிப் பெயரிட்டும் விட்டது. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ் வாக்குக் கேட்டு வாசலுக்கு வராத வேட்பாளர் இல்லை. கோயில் தேருக்கும் பொங்கல் விழாவுக்கும் அவர்களை அழைத்து மாலை போடும் சங்கங்கள், அடுத்தமுறை ஒரு மனுவையும் கையில் கொடுக்கலாம்: செய்திச் செயலிகளின் பக்கம் அந்த ஆணையம் எப்போது திரும்பும், திரும்பும்போது கடலுக்கு அப்பாலுள்ள எங்கள் பெற்றோரோடு நடக்கும் பேச்சும் அதில் அடங்குமா என்று.